தக்காளிப் பயிரை முடிக்கும் முறை

தக்காளி பயிரிடுவோர் நாற்று விடுவதிலும், நடுவதிலும், முதற் பறிப்பு வரையில் பயிரைப் பேணுவதிலும் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கேனும் அப்பயிரை முடிப்பதிற் காட்டுவதில்லை. விலை இருக்கும் வரையில் பறிப்பதும், விலை விழுந்தவுடன் வேலியைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவதுமே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றன. நிற்கும் செடிகள் தாமே காய்ந்துபோகும், ஆடு மேய்ந்தது போக மிஞ்சியதை அடுத்த உழவில் மடக்கிவிடலாம் என்பது குடியானவரின் எண்ணம். மேலுக்கு இதிற் குற்றமொன்றும் தோன்றாது. எனினும், அடுத்த பட்டத்துத் தக்காளி நாற்றங்காலிலேயே இலை சுருண்டு போவதற்கும், பக்கத்துக் கொல்லையில் நேற்று நட்ட இளம் பயிர் நோய்ப்படுவதற்கும் இந்த ஒரு மாத அசிரத்தையே பல சமயங்களில் மூலகாரணமாயிருக்கிறது. தக்காளிப் பயிர் முடிவது கடைசிக் கூடை சந்தைக்குப் போன அன்றன்று. கடைசிச் செடி வேரோடு நிலத்தை விட்டுப் போன அன்றுதான்.

புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர்க் கொம்யூனில், மயிலம் போகும் சாலையின்மேல் உள்ள சேதராப்பட்டும், அதை அடுத்த கரசூர், துத்திப்பட்டு முதலிய ஊர்களும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. சிறிது தூரம் நடந்தால் விழுப்புரம் ஜில்லாவின் வானூர் தாலுகா வந்துவிடும். மணிலாக்கொட்டையும் சவுக்கும் கரும்பும் நெல்லும் கண்ட பூமி இது. கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்கால்களில் காய்கறி வைப்போர்க்குப் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டு அண்மையில் இருப்பது ஓர் அனுகூலம். ஆயினும் அந்த மார்க்கெட்டுக்குத் தக்காளி இவ்வூர்களிலிருந்து மாத்திரம் வருவதில்லை. கிருஷ்ணகிரி, ஆந்திரத்து மதனபள்ளி, கன்னடத்துக் கோலார் ஆகிய இடங்களின் சரக்குத்தான் தென்னாட்டின் விலையை நிர்ணயிக்கிறது. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னையில் கிலோ 100 ரூபாய்க்கு மேற்பட்டு விற்ற பழம், செப்டம்பரில் பறிகூலிக்கும் கட்டாத நிலைக்கு இறங்கியதை யாவரும் அறிவர். இவ்வாறு விலை ஏறி இறங்கும் சரக்கில், எப்போது நிறுத்துவது என்று அறிவது எப்போது நடுவது என்று அறிவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பட்டம் முடிவதன் காரணம்

குளிர்ந்த தேசங்களில் தக்காளியின் காலத்தை முடிப்பது உறைபனி. ஓர் இரவுப் பனியில் தழை கருகிப்போக, அங்குள்ள தோட்டக்காரர் பச்சைக் காய்களை அவசரமாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கிறார்கள். நம் கடலோர ஜில்லாக்களில் முடிப்பது உஷ்ணமும் மழையுமாகும். மார்கழி, தை மாதங்களில் நட்ட பயிர் மாசிக் கடைசியிலிருந்து பழம் கொடுத்துச் சித்திரை வெயிலில் ஓய்கிறது. ஆடியில் நட்ட பயிரை ஐப்பசி, கார்த்திகை மழை அழுக வைக்கிறது. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயலைப் போன்ற மழை வந்தால், முடிப்பதைப்பற்றி யோசிக்க இடமேயில்லை. வடிந்தவுடன் செடிகளைப் பிடுங்கி எறிவதே செய்யத்தக்கது. வேர் மூச்சுமுட்டிய தக்காளி மறுபடி தழைப்பதாகக் காட்டி ஆசை காட்டுமேயன்றி, செலவுக்குக் கட்டுமாறு காய்ப்பது அரிது.

வெயிற்கால முடிவைக் குறித்தே இங்கு விரிவாகக் கூறவேண்டும். தக்காளிப் பூ பிஞ்சு பிடிப்பதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவின் உஷ்ணம் 15 முதல் 20 டிகிரி ஸென்டிகிரேடு வரையில் இருப்பது மிக உத்தமம். பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்கு மேலும் நின்றால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காம்போடு உதிர்கின்றன. சித்திரை பிறந்தபின் புதுச்சேரிப் பக்கத்தில் இரவு அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே அந்நாளில் செடி நிறையப் பூத்திருப்பதைக் கண்டு இன்னும் இரண்டு பறிப்பு உண்டு என்று குடியானவர் நம்பி, தண்ணீரும் உரமும் கொடுத்துக்கொண்டிருப்பது வீண். உரம் போட்டதனால் தழை கொழுக்கும், கொழுத்த தழையில் வெள்ளை ஈ கொழுக்கும், காய் வராது.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பூ விரிந்து பிஞ்சாகிக் காய் முற்றிப் பழுப்பதற்கு ஏறக்குறைய 6 வாரம் பிடிக்கும். கொல்லையைக் காலி செய்யும் நாளை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அங்கிருந்து 6 வாரம் பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த நாளுக்குப் பின் விரியும் பூ எதுவும் வீட்டுக்கு வந்து சேராத பூ. சித்திரைக் கடைசியில் காலி செய்வதானால் பங்குனி நடுவோடு தழைச்சத்து மேலுரத்தை நிறுத்திவிடலாம். கொம்பு நட்டுக் கட்டி வளர்க்கும் வீரிய ஒட்டு வகைகளில் அதே வாரத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியையும் கிள்ளிவிட வேண்டும். செடியின் சத்து புதுத் தளிருக்குப் போகாமல், ஏற்கனவே பிடித்திருக்கும் காய்களுக்குப் போகும். தரையிற் படரும் குத்துச்செடி வகைகளுக்கு இவ்வேலை வேண்டுவதில்லை.

கடைசிப் பறிப்புகள்

பட்டத்தின் இறுதியில் தண்ணீரைத் திடீரென்று நிறுத்திவிடுவதும், பின்னர் மனம் மாறிப் பாத்தி நிரம்பக் கட்டுவதும் பெருந்தவறு. வறண்டிருந்த செடிக்கு ஒரே முறையில் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கும். காயின் நுனியில் கறுத்த தோல் போன்ற அழுகலும் இவ்வாறு நீர் ஏறியிறங்குவதனாலேயே பெரிதும் உண்டாகிறது. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவதே அந்த அழுகலின் காரணம் என்பது வாஸ்தவம். ஆனால் அதற்காக நிலத்திற் சுண்ணாம்பு கொட்ட வேண்டுவதில்லை. சேதராப்பட்டைச் சுற்றிச் சிற்சில இடங்களில் பழங்காலத்துக் கடற்சிப்பிகள் படிந்த சுண்ணாம்புக்கல் தலைகாட்டுவது பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கு 19-ம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட நிலத்திற்கூட நுனியழுகல் வரலாம். ஏனெனில் அச்சத்து வேரிலிருந்து காய்க்கு நீரோட்டத்தோடுதான் போக முடியும். நீர் தவறினால் நிலத்திலுள்ள சத்தும் எட்டாது. ஆகவே கடைசி மூன்று வாரங்களில் பாய்ச்சலின் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போய், காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்துவதே முறை.

வெயிலில் தழை குறையும்போது காய்களின் முதுகு வெளுத்துச் சுட்டுப்போவதைக் காணலாம். ஆகையால் பட்டத்தின் இறுதியில் நோய்ப்பட்ட கீழிலைகளைத் தவிர வேறு இலைகளைக் கிள்ளலாகாது. செடியிலேயே முழுதும் சிவக்க விடுவதும் இந்த நாட்களில் தகாது. 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பழத்தின் செந்நிறம் உண்டாவது தடைப்பட்டு, மஞ்சளும் செம்மஞ்சளுமாகவே நின்றுவிடும்; அத்தகைய பழத்தைச் சந்தையில் இரண்டாந்தரமாக ஒதுக்குவார்கள். நுனியில் இளஞ்சிவப்புத் தட்டியவுடன் விடியற்காலையிற் பறித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கோலின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் நல்ல நிறம் கொள்ளும்.

கடைசி நாளிற் செடியில் நிற்கும் பச்சைக் காய்களில் எவை பழுக்கும், எவை பழுக்கா என்று அறிவதற்குக் கத்தி ஒன்று போதும். ஒரே பருமனுள்ள காய்களில் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கொழகொழப்பு நிறைந்து, விதைகள் கத்திக்கு அகப்படாமல் நழுவினால் காய் முற்றியது; அது நிழலிற் பழுக்கும். விதைகளும் சேர்ந்து அறுபட்டால் அது பிஞ்சு. எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமேயன்றிப் பழுக்காது. முற்றிய காய்களோடு இரண்டொரு பழுத்த வாழைப்பழத்தைச் சேர்த்து மூடிவைத்தால், அதிலிருந்து எழும் எத்திலீன் வாயுவினால் காய்கள் சீக்கிரம் பழுக்கும். கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது, தேகத்துக்கும் தீங்கு. பிஞ்சுகளை ஊறுகாய்க்கும் கூட்டுக்கும் வீட்டிற் பயன்படுத்துவதைப் பெண்டிர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று: மருந்து தெளித்திருந்தால், குப்பியின் சீட்டிற் குறித்துள்ள காத்திருக்கும் நாட்கள் கழிவதற்கு முன் பறித்தது பச்சைக் காயாயினும் விற்கவும் உண்ணவும் ஆகாது. பட்டத்தின் கடைசியில், “எப்படியும் முடியப்போகிறது” என்ற நினைப்பில் இவ்விதி மிகவும் மீறப்படுகிறது.

விதைக்கென்று கடைசிப் பழங்களை ஒதுக்குவதும் பல இடங்களில் உள்ள வழக்கம். விற்காத சரக்கு விதைக்கு என்பது சிக்கனம் போலத் தோன்றும். எனினும் கடைசிப் பழம் சத்துக் குன்றிய செடியில், நோய் மலிந்த காலத்தில் உண்டானது. விதைக்குரியவை இரண்டாவது, மூன்றாவது குலைகளின் பழங்களே. பயிர் நடுப்பருவத்தில் இருக்கும்போதே, நோயற்றுச் செழித்த செடிகளில் நூற்சரடு கட்டி அடையாளம் செய்துவிட வேண்டும். பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்னும் நாட்டு வகையிலிருந்து உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 போன்ற வகைகளுக்கே இது பொருந்தும். வீரிய ஒட்டு விதையின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. அதற்கு ஆண்டுதோறும் புது விதை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பழத்தைப் பிசைந்து மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்து, கழுவி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்தி வைப்பது யாவருக்கும் தெரிந்ததே.

மறுதழைவு என்னும் ஆசை

கத்தரிச் செடியை வெட்டிவிட்டால் மறுபடி தழைத்து இன்னொரு பட்டம் காய்க்கும். இதைக் கண்டு பழகிய குடியானவர் தக்காளியையும் வெட்டிவிட்டு, சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்தால் தளிர்க்கும் என்று காத்திருப்பதுண்டு. தளிர்ப்பதும் உண்மையே. ஆனால் அந்தத் தளிர் யாருக்கு உதவுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கொல்லையில் நூற்றுக்கு ஐந்து செடியிலேனும் இலைச் சுருள் தென்பட்டிருந்தால், வெட்டியபின் வரும் தளிர் பெரும்பாலும் சுருண்டே வரும். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸ் என்னும் நுண்கிருமி வெட்டினால் போவதன்று. நல்ல கிணற்று நீரும், நோயற்ற செடியும், சுற்றிலும் வேறு தக்காளியும் இல்லாத தனிக் கொல்லையாயின் ஒருவர் துணிந்து பார்க்கலாம். மற்றவர்க்கு இது வெள்ளை ஈக்குப் போடும் அன்னதானமே.

நிற்கும் செடியில் வாழ்பவை

60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 15,000 செடி இருக்கும். சொந்தக்காரர் மருந்தடிப்பதையும் பார்வையிடுவதையும் நிறுத்திய மறுநாளிலிருந்து அந்த 15,000 செடியும் பூச்சிகளுக்குச் சொந்தமாகின்றன. வெள்ளை ஈ ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட முட்டை இடவல்லது. வெயிற்காலத்தில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முற்றுப்பெறும். கேட்பாரற்று ஒரு மாதம் நின்ற கொல்லையை அசைத்தால் சாம்பல் பறப்பது போல் அவை எழுவதைக் காணலாம். செடி காய்ந்து உணவற்றுப் போகும்போது அவை சாவதில்லை. காற்று போகும் திசையிற் பறந்து அடுத்த பச்சையைச் சேர்கின்றன. சேரும்போது வாயில் இலைச் சுருள் வைரஸையும் கொண்டுபோகின்றன. நட்ட முதல் மாதத்தில் இந்நோய் கண்ட செடியில் விளைச்சல் அநேகமாக ஒன்றுமில்லை.

காய்ப்புழுவின் கதை வேறு. அது காயைத் துளைத்துத் தின்று முற்றியபின் மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஊசிப்புழு என்னும் புதிய பகை இந்நாட்டுக்கு வந்தது 2014-ம் வருஷத்தில். முதலில் மகாராஷ்டிரத்திற் கண்டு, அடுத்த வருஷத்துக்குள் தமிழ்நாட்டிலும் பரவிய இப்பூச்சி தக்காளிக்கென்றே பிறந்தது போன்றது. இலையின் இரு தோல்களுக்கும் நடுவே சுரங்கம் அறுத்து, பின் காயிலும் குண்டூசித் துளையிட்டுப் புகும். உதிர்ந்த காயிலும் காய்ந்த இலையிலும் மண்ணிலும் கூட்டுப்புழு தங்கும். ஆகவே, விலையில்லை என்று பறிக்காமல் விட்ட காய்களே இதன் களஞ்சியம்.

ஆடு மேய விட்டால் எல்லாம் தீரும் என்பது சரியன்று. தக்காளித் தழையில் இயற்கையாகவே ஒரு விதக் கசப்பு விஷச்சத்து உண்டு. அதன்மேல் மருந்துப் படிவும் சேர்ந்தால் ஆட்டுக்கு ஆபத்து. அன்றியும் ஆடு மேலிருக்கும் தளிரை மேய்ந்து அடிக்கட்டையையும் வேரையும் விட்டுவிடும். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பழத்தைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முளைப்புத்திறன் கெடாமல் வெளிவந்து, எருக்குழி ஓரத்திலும் வரப்பிலும் தானாகத் தக்காளி முளைப்பதைக் காணாதவர் இல்லை. இந்தத் தான்முளைச் செடிகள் அழகாயிருப்பதால் யாரும் பிடுங்குவதில்லை. கொல்லை காலியாயிருக்கும் மாதத்தில் நோயைக் காப்பாற்றி வைத்திருப்பவை அவையே. வரப்பில் நிற்கும் மணத்தக்காளியும் அதே குடும்பம்தான். துத்திச் செடியில் வெள்ளை ஈ விரும்பித் தங்கும். துத்திப்பட்டு என்னும் ஊர்ப் பெயரே அச்செடி இப்பக்கத்தில் எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்குச் சாட்சியோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பிடுங்கும் முறை

கடைசிப் பறிப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் செடிகளை அகற்றிவிட வேண்டும். சேதராப்பட்டில் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் கொல்லை வேலைக்கு ஆள் கிடைப்பது அருமையாகிவிட்டபடியால், கடைசிப் பறிப்புக்கு வரும் ஆட்களையே மறுநாளும் நிறுத்திக்கொள்வது உசிதம். விலையில்லாத காலத்தில் இக்கூலி கசக்கும். ஆயினும், அடுத்த பட்டத்தில் நான்கு முறை மருந்தடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம்.

நேரே போய்ப் பிடுங்கத் தொடங்கினால் ஈக்கள் எழுந்து அடுத்த கொல்லைக்குப் போய்விடும். ஆகவே முதல்நாள் மாலையில் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும், அது கரைவதற்கு வேண்டிய சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்து, மறுநாள் விடியலில், ஈக்கள் பறக்கச் சோம்பியிருக்கும் வேளையில் வேலையை முடிக்க வேண்டும். அரிவாளால் அறுப்பது கூடாது, வேரோடு பிடுங்கவேண்டும்.

வேரோடு பிடுங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. வேர், நிலத்தின் ஜாதகம் போன்றது. முடிச்சு முடிச்சாகப் பருத்திருந்தால் நூற்புழு குடியேறியிருக்கிறது. மணிலாச் செடியின் வேரிலும் முடிச்சு உண்டே என்று கேட்கலாம். அவை உரத்தைக் கொடுக்கும் முடிச்சுகள். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதாகையால் உதிராது. செடி பச்சையாயிருக்கும்போதே திடீரென்று வாடியிருந்தால், அடித்தண்டை ஒரு சாண் நறுக்கித் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடித் தம்ளரில் அதன் நுனி மட்டும் நனையப் பிடித்துப் பார்க்கவேண்டும். சில நிமிஷத்துக்குள் வெண்ணூல் போலப் பால் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த இடத்துக்கு ஒரு கொம்பு நட்டு அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்குத் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கலாகாது.

பிடுங்கிய செடியை வரப்பில் குவிப்பது பொதுவாகக் காணும் பிழை. காய்வதற்குள் பூச்சி வெளியேறிவிடும். நோயற்ற தழையையும் இலைச் சுருள் கண்ட தழையையும் குழியிலிட்டுச் சாணக் கரைசல் தெளித்து மண்ணால் மூடி, கம்போஸ்டு ஆக்கலாம். இலைச் சுருள் வைரஸ் உயிருள்ள செடியிலன்றி வாழாது. குவியல் உள்ளே கை பொறுக்காத சூடு ஏறுமாறு, இருமுறை புரட்டிவிடுவது அவசியம். தேமல் வைரஸ் அவ்வாறன்று. காய்ந்த சருகிலும் வேலை செய்வோர் கையிலும்கூட நெடுநாள் தங்கும். தேமல் கண்டவற்றையும், வாடல் கண்டவற்றையும், நூற்புழு வேர்களையும் தனியே உலர்த்தி எரித்துவிடுவதே க்ஷேமம். அழுகின காய்களை ஒன்று விடாமல் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். கொம்புகளைக் கழுவி வெயிலில் போடலாம். கட்டிய சணற் கயிற்றை மறுமுறை உபயோகிக்க வேண்டாம்.

வெறுங் கொல்லையும் அடுத்த பயிரும்

காலியான நிலத்தைச் சித்திரை வெயில் வீணாக்காதபடி உடனே கோடை உழவு செய்தல் வேண்டும். கீழ்மண் மேலே வர, கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் கொக்கு மைனாக்களின் வாயிலும் மாளும். நாற்றங்காலுக்கென்று வைத்த சிறு பாத்திகளை மட்டும் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி நாலு முதல் ஆறு வாரம் விட்டால், தாளின் கீழ் ஏறும் உஷ்ணத்தால் பூஞ்சணமும் களை விதையும் பெரிதும் அழியும். முழு ஏக்கருக்கும் தாள் வாங்குவது செலவுக்குக் கட்டாது.

அடுத்து எள், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றில் நிலத்துக்கும் நீருக்கும் இசைந்ததை வைக்கலாம். நூற்புழு கண்ட இடத்தில் துலுக்கச் செவ்வந்தி வைப்பது மிகவும் பலனளிக்கும். பூவுக்குச் சந்தையும் உண்டு. மணிலாவும் மாற்றுப் பயிருக்கு ஏற்றதே. ஆனால் தக்காளியில் தளிர் கருகிப் பழத்தில் வளையம் வளையமாக நிறம் மாறியிருந்தால் எச்சரிக்கை தேவை. அந்த நுனிக்கருகல் நோயின் வைரஸ் மணிலாவையும் தாக்கும். இலைப்பேன் அதைச் சுமந்து செல்கிறது. பழைய தக்காளிச் செடி பக்கத்தில் நிற்கையில் மணிலா விதைப்பவர், பூச்சியை வரவழைத்து விருந்து வைக்கிறவராவார்.

ஊரார் ஒன்றுபட வேண்டிய காரியம்

ஒருவர் தம் கொல்லையை எவ்வளவு சுத்தமாகக் காலி செய்தாலும், வரப்புக்கு அப்பால் இன்னொருவருடைய ஏக்கர் நின்றுகொண்டிருந்தால் பாடுபட்டவருக்குக் கிடைப்பது பாதிப் பலனே. இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையன்று. சென்னை ராஜதானியில் 1919-ம் வருஷத்திலேயே பயிர்ப்பூச்சிகள், நோய்கள் சட்டம் ஏற்பட்டது. கம்போடியாப் பருத்தி பயிரான ஜில்லாக்களில், பருத்திமாரைக் குறித்த தேதிக்குள் யாவரும் பிடுங்கியாக வேண்டுமென்று அச்சட்டத்தின்கீழ் உத்தரவு பிறந்தது. சேதராப்பட்டு அந்நாளில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1962-ல் சட்டரீதியாகவும் சேர்ந்தது. ஆட்சி மாறினும் எல்லைக் கோடு இன்றும் ஊருக்கு ஊர் வளைந்து நெளிந்து, ஒரு கொல்லை புதுச்சேரியிலும் அடுத்த கொல்லை தமிழ்நாட்டிலுமாகப் போகிறது. இரண்டு இலாகாக்கள், இரண்டு அதிகாரிகள். வெள்ளை ஈக்கு இந்தக் கோடு தெரியாது.

ஊரார் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்த ஓர் உதாரணம் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டொமினிக்கன் குடியரசில், 1990-களின் தொடக்கத்தில் இலைச் சுருள் வைரஸின் ஒரு வகை வெளியிலிருந்து வந்து புகுந்து, பழச்சாறு ஆலைகளுக்குப் பயிரிட்ட தக்காளி பெருவாரியாக அழிந்தது. மருந்துகளால் அடங்கவில்லை. பின்னர் அரசாங்கத்தார், வருஷத்தில் மூன்று மாதம் தக்காளி முதலாக வெள்ளை ஈ பெருகும் பயிர்கள் நிலத்தில் இருத்தலாகாது என்று விதித்தார்கள். அந்த இடைவெளியும் நோய் தாங்கும் வகைகளும் சேர்ந்து விளைச்சலை மறுபடி நிலைநிறுத்தின. நமது வகைகளிலும் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் இலைச் சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குவது. எனினும் தாங்கும் வகை என்பது குடையைப் போன்றது. தூறலுக்குப் போதும், புயலுக்குப் போதாது.

மூன்று மாதம் நம் சிறு குடிகளுக்குச் சாத்தியமன்று. ஒரு மாதம் சாத்தியம். சித்திரைக் கடைசிக்குள் ஊர் முழுதும் பழைய தக்காளியைப் பிடுங்குவது, வைகாசியில் தக்காளியின் ஒரு செடியும் நிலத்தில் இல்லாமற் பார்ப்பது, ஆனி பிறந்தபின் நாற்று விடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டால், வெள்ளை ஈயின் ஒரு முழுத் தலைமுறை தக்காளியின்றிக் கழிகிறது. வேறு செடிகளில் ஈ பிழைத்திருக்கும். ஆனால் அது சுமக்கும் நோயின் ஊற்று வற்றிவிடும். இதைத் தனியொருவர் செய்ய முடியாது. கிராம அதிகாரிகள் பங்குனிக் கடைசியில் தக்காளி வைத்திருப்போரையும், எல்லைக்கு அப்பாலுள்ள வானூர்ப் பக்கத்துப் பயிர்க்காரரையும் ஓரிடத்திற் கூட்டி நாளை முடிவு செய்யலாம். குத்தகைக்காரர் பறிப்பு முடிந்ததும் நிலத்தை ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கமாகையால், செடியைப் பிடுங்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் குத்தகை பேசும்போதே எழுதிக்கொள்வது நன்று. வழக்குகளில் பாதி இங்குதான் பிறக்கிறது.

விலை திடீரென்று ஏறினால் என்ன செய்வது என்று அக்கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். சித்திரைக் கடைசியில் செடியில் முற்றிய காய் உள்ளவருக்கு ஒரு வாரம் தவணை கொடுக்கலாம். பூ மட்டும் உள்ளவருக்குக் கொடுப்பதிற் பயனில்லை. அந்தப் பூ காயாகாது என்பது மேலே கூறப்பட்டது. ஆனியில் விடும் நாற்றங்காலை 40 கண் நைலான் வலையால் நாற்புறமும் மேலும் மூடி, 25 நாள் வயது வரையில் ஈ நுழையாமற் காத்து, நடும் கொல்லையின் வரப்பைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளத்தை நடவுக்கு மூன்று வாரம் முன்பே விதைத்து வைக்கவேண்டும்.